ஆசிட் முசியேவின் பேட்டரி சைக்கிள்

புதுச்சேரி டவுனில் ஓட்டை இல்லாத சட்டை ஒன்றுகூட இல்லாமல் கௌரவமாக வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் ஆசிட் முசியேதான் என்று எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டில் மட்டும் பதினேழு ஓட்டை. பின்னாலேயே நடந்து நானே எண்ணியிருக்கிறேன்.

அவர் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருந்தார். கிராமங்களுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. ரேடியோ வைத்திருந்த பண்ணையார்கள் பேட்டரியை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். முசியே அதன் மூடியைத் திறந்து, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். "ரொம்ப எளச்சிப்போயிருக்கு. ரெண்டு நாளு இங்கியே இருக்கட்டும். அப்பறம் வந்து கூட்டிக்கினு போங்க" என்பார். அங்கே தெறிக்கிற ஆசிட்தான் அவர் சட்டைகளைத் தின்றது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. பைல்களெல்லாம் இங்கிலீஷுக்கு மாறின. அவற்றை மாற்றுவதற்காக விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திறங்கிய குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். முசியே கடைக்கு எதிர் மாடியில் அறை எடுத்திருந்தேன். கொடி இறங்கினாலும் மரியாதை இறங்கவில்லை. கொஞ்சம் வயதான மனிதர் என்றால் முசியே, அவர் வீட்டம்மா என்றால் மதாம். முசியே மட்டும் எல்லோரையும், பேட்டரி கொண்டுவரும் வண்டிக்காரனைக்கூட, முசியே என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. எதையாவது செய்து முடித்ததும் இரண்டு கையையும் விரித்து, "வொலா!" என்பார். 'இதோ பார்' என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் விவரம் தெரிந்தவர்கள் பத்தடி பின்னால் போய்விடுவார்கள்.

முசியேவின் வீட்டம்மா, எங்கள் மதாம், பிரசவம் பார்ப்பவர். வெள்ளைப் புடவை, கறுப்புப் பை, லேடீஸ் சைக்கிள். பாலம் தாண்டி அரியாங்குப்பம் வரைக்கும் அவர் கையில் பிறக்காத குழந்தை குறைவு. ஒரு நாள் காலையில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே முடியாதுங்க. எதிர்காத்துல பாலம் ஏறுனா ரெண்டு முட்டியும் கழண்டு போவுது. வருஷக் கடைசியோட வேலைய விட்டுடறேன்."

முசியே கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், வேலையை விடுவதாகச் சொன்னது மதாம் இல்லை, போப்பாண்டவர் என்று தோன்றும்.

"பத்ரி இருக்கற வூட்ல முட்டி எதுக்கு மிதிக்கணும்?" என்றார். பேட்டரியை அவர் பத்ரி என்றுதான் சொல்வார்.

அன்றைக்கே வேலை ஆரம்பமாகிவிட்டது. பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றின் டைனமோவையும் ஒரு பழைய சைக்கிளையும் எங்கிருந்தோ கொண்டுவந்தார். சக்கரம் சுற்றினால் டைனமோ கரண்ட் தரும். அதற்கே கரண்டைக் கொடுத்தால் அது சக்கரத்தைச் சுற்றும் என்று எனக்கு விளக்கினார். டைனமோவைப் பின் டயரோடு உரசும்படி பொருத்தியாயிற்று. சுற்றவும் சுற்றியது. மிச்சம் ஒரே கேள்விதான். பதினைந்து கிலோ ஈயமும் ஆசிட்டும் அடங்கிய அந்தப் பேட்டரியைச் சைக்கிளில் எங்கே வைப்பது?

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மதாம் எடைதான் முசியே. நீங்கதான் ஓட்டிப் பாக்கணும்."

முதலில் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார். "வொலா!" என்றார். ஸ்விட்சைப் போட்டேன். முன்சக்கரம், கொள்ளு கண்ட குதிரை மாதிரி ஆகாயத்தைப் பார்த்து எழுந்தது. நான் மல்லாந்து தெருவில் கிடந்தேன். முசியே ஓடிவந்தார், என்னைத் தாண்டி ஓடி, பேட்டரியைத் தூக்கி நிமிர்த்தினார்.

"சிந்திடுச்சா?" என்று நான் கேட்டேன்.

"கொஞ்சம்தான்" என்றார், துக்கமாக. என் முழங்கையில் வழிந்த ரத்தத்தை அவர் கவனிக்கவில்லை.

அடுத்து ஹாண்டில்பாரில் கூடை வைத்துக் கட்டினார். இந்தத் தடவை சைக்கிள் எழவில்லை. ஆனால் திரும்பவும் இல்லை. பாரம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. காலை பத்து மணிக்கு, ஆபீஸ் போகும் கூட்டத்துக்கு நடுவே, அது என்னை நேராகச் சாராயக் கடைக்குள் கொண்டுபோய் விட்டது. மதுவிலக்கு ஊரிலிருந்து வந்த எங்கள் ஹெட்கிளார்க் எதிர்ப் பக்கம் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள்தான் சார் உள்ளே போனது என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

மூன்றாவது யோசனை முசியேவுக்கு மாதா கோயிலில் வந்ததாம். பூசை முடிவதற்குள் எழுந்து ஓடிவந்து என் அறைக் கதவைத் தட்டினார்.

"முக்கோணம் முசியே! வெலோ நடுவுல இருக்கற முக்கோணம்! மேல ஒரு குழா, கீழ ஒரு குழா, சீட்டுக்குக் கீழ ஒரு குழா. அந்த எடத்த ஆண்டவரே பத்ரிக்குன்னு விட்டு வெச்சிருக்காரு. நாமதான் கண்ணு தெரியாம திரிஞ்சிக்கினு இருக்கோம்!" வெலோ என்றால் சைக்கிள்.

யோசனை சரிதான். பாரம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தாழ்வாக உட்காரும். ஆனால் பேட்டரி அகலம். ஓட்டுபவன் இரண்டு முட்டியும் அதில் இடிக்கும். முசியே ஒரு வாரம் அலைந்து துறைமுகத்துப் பக்கம் கழித்துப் போட்ட ஒல்லியான பேட்டரி செல்கள் மூன்றை ஏலத்தில் பிடித்தார். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட், செங்கல்லை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். மூன்றையும் வரிசையாக நிறுத்தித் தேக்குப் பலகையில் பெட்டி அடித்தார். ஆசிட் பலகையைத் தின்னாமல் இருக்க உள்ளே தார் பூசினார். இரும்புப் பட்டையால் குழாயோடு பிடித்தார். பட்டை வழுக்கியது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நடுவில் சுற்றினார். பிடித்துக்கொண்டது. ரோட்டுக் குலுக்கலில் உள்ளே இருக்கும் ஈயத் தகடு உடையாமல் இருக்க அடியில் லாரி டயர்த் துண்டு ஒன்றை மெத்தையாகப் போட்டார். மேலே மூடி போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கி, பெட்டியோடு சேர்த்துச் சார்ஜ் ஏற்றினார்.

"வொலா!" என்று சொல்லிக்கொண்டே கம்பியைக் கழற்றினார். ஒரு பொறி தட்டியது.

டமார்!

மூடி எங்கள் மாடியைத் தாண்டிப் பறந்தது. அடுத்த தெரு காபி கிளப்பில் மாவு அரைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் விழுந்ததாம். அவர் அன்றைக்கே மயிலம் முருகனுக்கு மொட்டை போட வேண்டிக்கொண்டார். முசியேவின் ஒரு பக்க மீசையைக் காணவில்லை. மற்றபடி சேதமில்லை.

"சார்ஜ் ஏறும்போது பத்ரி மூச்சு வுடும்" என்றார், அந்த அரை மீசையோடு. "மூச்ச அடைச்சா கோவம் வராதா? எனக்கே வரும்." புது மூடியில் வரிசையாகத் துளை போட்டார்.

பிறகு வந்தது ஐயா, அந்தச் சனிக்கிழமை! கடற்கரை ரோட்டில் நான் ஸ்விட்சைப் போட்டேன். கால் இரண்டையும் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு போனேன். மிதிக்கவில்லை, சத்தமில்லை, உர்ரென்று பூனை உறுமுவது போல் ஒரு ஒலி மட்டும். மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துப் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் தன்னை அறியாமல் சல்யூட் அடித்தார். முசியே கூடவே ஓடிவந்தார், "போவுது! போவுது!" என்று கத்திக்கொண்டே.

கூட்டத்தோடு கடைக்குத் திரும்பி மதாமைக் கூப்பிட்டார். மதாம் வந்தார். சைக்கிளைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. இது ஆம்பள சைக்கிளு. பொடவ கட்டிக்கினு இதுல நான் எப்பிடி ஏர்றது?"

நாலு மாதமாக அந்தக் கேள்வி முசியேவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. லேடீஸ் சைக்கிளில் முக்கோணமே கிடையாது. கால் தாண்டுவதற்காக இரண்டு குழாயும் ஜோடியாகக் கீழே சரிந்து போகும். ஆண்டவர் அங்கே இடம் விடவில்லை.

முசியே இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள், மாடிப்படி இறங்கிவந்த என்னைப் பார்த்து, "நில்லுங்க! அப்பிடியே நில்லுங்க!" என்று கத்தினார். நான் ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன்.

"படி சரிவாத்தான் போவுது. ஆனா நீங்க நேராத்தான நிக்கிறீங்க?"

அவ்வளவுதான். வேறொரு லேடீஸ் சைக்கிள் வாங்கிவந்தார். சரியும் இரண்டு குழாய்க்கும் நடுவே படிக்கட்டு மாதிரி ஒரு பெட்டி. ஒரு படிக்கு ஒரு செல். குழாய் சரிந்தாலும் செல் மூன்றும் நிமிர்ந்து நிற்கும், ஆசிட் வழியாது. கால் தாண்டும் இடம் நாலு விரல்தான் உயர்ந்தது. அதைச் சோதிக்கவும் நான்தான். "வேட்டிய பொடவ மாதிரி தழையக் கட்டுங்க முசியே" என்றார். நடுத்தெருவில் இருபது தரம் ஏறி இறங்கினேன். இருபதாவது தரம் குடையோடு எங்கள் ஹெட்கிளார்க் போனார். அவரிடம் நான் எதுவும் விளக்கவில்லை.

மதாமுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆசிட்டு மேல உக்காந்துகினு யாரு போவாங்க?" என்று தன் பழைய சைக்கிளையே மிதித்தார். வருஷக் கடைசியும் நெருங்கியது.

கார்த்திகை மாதம். காலையிலிருந்து காற்றும் மழையும். பிற்பகலில் மழை விட்டது, காற்று விடவில்லை. அரியாங்குப்பத்திலிருந்து ஒரு விவசாயி நனைந்த துண்டோடு ஓடிவந்தார்.

"அம்மா, எம் பொண்டாட்டிக்கு விடியக்காலத்துலருந்து வலி. கொழந்த காலு முன்னால வருதாம். போன தபா மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்குதுமா." போன தடவைக் குழந்தை தங்கவில்லை.

ரோட்டில் மரம் விழுந்து பஸ், வண்டி எதுவும் போகவில்லை. மதாம் பையை எடுத்தார். பழைய சைக்கிளைப் பார்த்தார். பிறகு தன் முட்டியைப் பார்த்தார்.

"ஸ்விட்சு எதுங்க?" என்றார்.

முன்னால் மதாம். பின்னால் நான் என் சைக்கிளில், கேரியரில் முசியே. பக்கத்தில் அந்த விவசாயி ஓட்டமாக. நகரம் தாண்டியதும் புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. நானும் அந்த விவசாயியும் பேட்டரி சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கினோம். முசியே மரத்தின் மேல் ஏறி நின்று அலறினார்: "சாய்க்காதீங்க! தாயோட இடுப்புல கொழந்த மாதிரி புடிங்க! சாய்க்காதீங்க!" ஒரு கிளை முறிந்து என் கால் உள்ளே போனது. சைக்கிள் ஒரு பக்கம் அடித்துச் சாய்ந்தது. பட்டை பிடித்தது, பெட்டி அசையவில்லை.

பாலத்தின் மேல் எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. நான் எழுந்து நின்று மிதித்தும் நகரவில்லை. மதாம் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, வெள்ளைப் புடவை படபடக்க, பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார். முசியே என் முதுகில் குத்தினார். "பாருங்க முசியே! மிதிக்கவே இல்ல! அவ மிதிக்கவே இல்ல!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதாம் வீட்டுக்குள் இருந்தார். முசியே நேராகச் சைக்கிளிடம் போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த விவசாயி, "இன்னா ஆச்சுங்க?" என்றார்.

"எல்லாம் நல்லபடியா இருக்கு. மூணும் நேரா நிக்குது. ஒரு சொட்டு சிந்தல!"

"மூணா!" என்று அந்த மனிதர் தலையில் கை வைத்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் தூக்கி நிறுத்தி விஷயத்தைப் புரியவைப்பதற்குள் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஒரே குழந்தை. பெண். தாயும் பிழைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பேட்டரி தீர்ந்துபோனது. முசியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், மதாம் பக்கத்தில் நடந்தார். பாலத்தின் நடுவில் முசியே மெதுவாகக் கேட்டார்.

"முட்டி வலிச்சுதா?"

"இல்லீங்க" என்றார் மதாம். "வருஷம் பொறந்ததும் காலாப்பட்டுப் பக்கமும் பாக்கச் சொல்லிக் கேக்கறாங்க. போவலாம்னு இருக்கேன்."

அதன் பிறகு அந்தச் சைக்கிளைப் பார்க்க ஊரே வந்தது. வியாபாரி ஒருவர், இதேபோல் பத்து செய்து கொடுங்கள், கேட்டதைத் தருகிறேன் என்றார். முசியே மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"முடியாது முசியே. இது வெலோ இல்ல, அவ முட்டி. முட்டிய எப்பிடி விக்கறது?"

எனக்கு ஊர் மாற்றலாகிப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். எந்த ஊர் போனாலும் முதல் வாரம் பேட்டரி சார்ஜ் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்து, அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். வேலை ஒன்றும் இருக்காது.