கிழங்கு கக்கிய ரத்தம்

உருளைக்கிழங்கு மகானைப் பார்க்கத் தெருமுனை வரை வரிசை நின்றது. டாக்டரிடம் அரைமணி காத்திருந்தால் சிடுசிடுக்கிறவர்கள், இங்கே வெயிலில் அரைநாள் பக்தியோடு வெந்தார்கள். கையிலிருந்த கிழங்குகள் வீட்டிலேயே வெந்திருந்தன.

மகான் அவித்த கிழங்கை வெட்டுவார். கறுப்புக் குடத்துத் தண்ணீரைத் தெளிப்பார். குடும்பத்தின் பேரைச் சொல்லி மூடி வைப்பார். இரண்டொரு நாளில் வெட்டிய பக்கத்தில் செக்கச்செவேலென்று ரத்தம் துளிர்க்கும். வீட்டில் சாபம். பரிகாரம் முடிந்ததும் புதுக் கிழங்கு, வெள்ளைக் குடத்துத் தண்ணீர், ரத்தம் வராது. சாபம் போயிற்று, கையிருப்பும் போயிற்று.

வீட்டில் ஆள் மாற்றி ஆள் காய்ச்சலில் விழ, ஒரு மாமியாரும் கிழங்கோடு போனார். ரத்தம் வந்தது.

"வெளியேயிருந்து வந்தவளால வந்த வினை. பொறந்த வீட்டுக்கு அனுப்பிடு," என்றார் மகான்.

வெளியேயிருந்து வந்தவள் மருமகள்; பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மாலைக்குள் அவள் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"கிழங்கே சொல்லுதே," என்றான். முதுகெலும்பு இல்லாததில் அவனும் கிழங்கும் ஒரே ஜாதி.

"சரி அத்தை, போறேன். அதுக்கு முன்னால கிழங்கை இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம்."

மறுநாள் மகானின் முன்னால், கூட்டத்தின் நடுவே ஒரு கிழங்கை அவித்து இரண்டாக வெட்டினாள். கறுப்புக் குடத்திலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீர் எடுத்து, ஒன்றை மட்டும் அடுப்பில் கொதிக்கவைத்து ஆறவிட்டாள்.

"ரெண்டு துண்டும் உங்க பேர்லயே இருக்கட்டும் சாமி. உங்களுக்கு ஏது சாபம்?"

"அதானே, சாமிக்கு ஏது சாபம்," என்றது கூட்டம்.

மகான் அவசரமாகக் குறுக்கே வந்தார். "கொதிக்க வெச்சா தண்ணியோட சக்தி போயிடும்மா."

"வெந்நீருக்குப் பயப்படுற சக்தியா சாமி?"

ஒவ்வொரு துண்டிலும் ஒரு தண்ணீரைத் தெளித்து, மூடி, அங்கிருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி மாமியார் இடுப்பில்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது, பச்சைத் தண்ணீர் பட்ட துண்டில் ரத்தம். கொதித்த தண்ணீர் பட்டது அவித்த முட்டைபோல வெள்ளை.

"அப்போ சாமிக்குப் பாதி சாபமா?" என்று யாரோ கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இது," என்றாள் டீச்சர். "கறுப்புக் குடத்துத் தண்ணியில இருக்கு. கிழங்குல உட்கார்ந்து சிவப்பா வளருது. கொதிச்சா செத்துடும். இருநூறு வருஷத்துக்கு முன்னாலயே இத்தாலியில பிசியோன்னு ஒரு மருந்துக்காரர், கூழ்ல வந்த இந்த 'ரத்தத்தை'க் கையும் களவுமாப் பிடிச்சார். அப்புறம் ஜெர்மனி டாக்டர் ராபர்ட் காக், இதே மாதிரி கிழங்குத் துண்டுல கிருமிகளைத் தனித்தனியா வளர்த்துக் காட்டினார். அவங்க உண்டியல் வைக்கல."

மாமியார் மகானை நெருங்கினார். "சாமி, இப்ப யாரைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பணும்?"

மகான் கம்பி நீட்டினார். வீட்டு வாசலில் இருந்த பெட்டியைக் கணவன் உள்ளே தூக்கி வைத்தான். அதற்கும் அம்மா சொல்ல வேண்டியிருந்தது.

பக்கத்து ஊரில் இப்போது ஒரு பூசணிக்காய் மகான் அவதரித்திருக்கிறாராம். வரிசை பெரிதாம். அதில் ஒருவருக்காவது அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா?