செத்தும் கொடுத்த லெஸ்

உலக ஜனநாயக வரலாற்றில் சிட்னிப் புறநகரான மெரிலேண்ட்ஸுக்கு உரிய இடம் இன்னும் வழங்கப்படவில்லை. வழங்கப்படும் நாளில் திரு. சூசைதாசனின் பெயர் முதற் பக்கத்தில் வந்தே தீரும். மன்னாரில் பிறந்து, சிட்னியில் தபால் தரம்பிரிக்கும் உத்தியோகம் பார்த்து, நாடாளுமன்றத் தேர்தலில் "தமிழரின் குரலாக"ச் சுயேச்சையாய் நின்றவர் அவர். குரல் இருந்தது உண்மை. கேட்கத்தான் ஆளில்லை.

ஏழு வேட்பாளர்களில் அவரோடு பேசியவர் லெஸ் மட்டும். லெஸ் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பஸ் தரிப்பிடம் தோறும் ஒரு கக்கூஸ் வேண்டும் என்பதுதான் அவருடைய முழுக் கொள்கையும். காலையில் இருவரும் ரயில் நிலைய வாசலில் துண்டுப்பிரசுரத்தோடு நிற்பார்கள். சூசைதாசனின் மனைவி மாக்கிறேட் கொண்டுவரும் பிளாஸ்க் தேத்தண்ணியில் பாதி லெஸ்ஸுக்குப் போகும். சூசைதாசனின் பிரசுரத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்து, இரண்டு எழுத்துப்பிழையும் திருத்திக் கொடுத்த ஒரே வாக்காளர் லெஸ்தான்.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்க, லெஸ் மாரடைப்பில் போய்விட்டார்.

சூசைதாசன் உண்மையாகவே துக்கப்பட்டார், சட்டம் தெரியவரும் வரைக்கும். வேட்பாளர் ஒருவர் இறந்தால் அந்தத் தொகுதியில் தேர்தல் செல்லாது, பிறகு புதிதாக நடத்தவேண்டும் என்றது சட்டம். நாடு முழுக்க வாக்களித்து முடிந்தது. இவருடைய தொகுதி மட்டும் மிஞ்சியது. பெரிய கட்சிகள் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்து நிற்க, அந்த ஒரு நாடாளுமன்றக் கதிரைக்கு மவுசு ஏறியது. வாக்காளர்கள் வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கமிட, தோற்பவரின் வாக்குகள் சீட்டில் அடுத்த இலக்கம் பெற்றவருக்குப் போகும் நாடு இது. எனவே தோற்கப்போகிறவர்களுக்கும் மரியாதை உண்டு.

ஒரு மந்திரியே அழைத்து, "சூசி" என்றார். ஒன்றோடொன்று பேசாத மூன்று தமிழ்ச் சங்கங்கள் தனித்தனியே பொன்னாடை போர்த்தின. மூன்று மேடையிலும் சூசைதாசன் தழுதழுத்தார்:

"செத்தும் குடுத்தான் சீதக்காதி எண்டது எங்கட லெஸ்ஸைத்தான்."

மூன்று மேடையிலும் கைதட்டல்.

மகள் லண்டனிலிருந்து வரும்வரை லெஸ்ஸின் அடக்கம் தள்ளிப்போனது. கடைசியில் அது மந்திரியின் தேநீர் விருந்து நாளில் வந்து விழுந்தது.

"நீங்கள் வரேல்லையோ?" என்று கேட்டாள் மாக்கிறேட்.

"நான் வராட்டி லெஸ் குறை நினையார். மந்திரி நினைப்பார்."

மாக்கிறேட் தனியே பஸ் ஏறிப் போனாள். பின்னேரம் திரும்பியவளிடம் அவர் விசாரித்தார்.

"எத்தினை பேர் வந்தவை?"

"எட்டுப் பேர். மகள் உங்களைத்தான் தேடினவ. தகப்பன் தன்ர ஆக்களுக்கு, தனக்கு ஒண்டு, உங்களுக்கு ரெண்டு போடச்சொல்லி அச்சடிச்சு வைச்சிருந்தவராம்."

சூசைதாசன் தன் ஆதரவாளர்களுக்கு அச்சடித்திருந்த சீட்டில் லெஸ்ஸுக்கு ஏழாவது இடம். தேசியத் தலைவர்கள் இருக்க, கக்கூஸ்காரரை முன்னுக்குப் போடலாமா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்:

"அந்த எட்டுப் பேரும் எங்கட தொகுதியோ?"

மாக்கிறேட் குசினிக்குள் போனாள்.

புதிய தேர்தலும் வந்தது. வாக்கெண்ணும் பள்ளிக்கூடத்துக்குள் வேட்பாளர் போகமுடியாதாகையால், சங்கமொன்றின் செயலாளர் யோகேஸ்வரன் அவருடைய முகவராக உள்ளே இருந்தார். பொன்னாடை போர்த்திய மூன்று சங்கங்களிலும் சேர்த்து அறுநூறு அங்கத்தவர்கள். சூசைதாசனுக்கு விழுந்தது நூற்று நாற்பத்துமூன்று. கடைசி இடம். லெஸ் உயிரோடு இருந்திருந்தால், கடைசிக்கு முந்திய இடமாவது கிடைத்திருக்கலாம்.

யோகேஸ்வரன் வாசலுக்கு ஓடிவந்தார்.

"அண்ணை, செல்லாத வாக்கொண்டு. எல்லாப் பெட்டியையும் வெறுமையா விட்டிட்டு, அடியிலை ஆரோ தமிழிலை 'லெஸ்' எண்டு எழுதி, ஒண்டாம் இலக்கம் போட்டிருக்கினம். இது என்ன மொழியெண்டு ஒபிசர் கேக்கிறார்."

சூசைதாசன் கார்ப் பக்கம் பார்த்தார். மாக்கிறேட் ஜன்னலை இறக்கிவிட்டு, அவரையே நேராய்ப் பார்த்தாள்.

"தெரியாது எண்டு சொல்லும்," என்றார் தமிழரின் குரல்.