செங்கமலம் தின்றதாகச் சொல்லப்படும் பதினாறு பக்கங்கள்

ஒரு காட்டில் ஒரு நூலகம் இருந்தது. நூலகம் இருந்ததால் வரிசை இருந்தது. வரிசை இருந்ததால் படிவம் இருந்தது. படிவத்தை வாங்கிக்கொண்டு தலையாட்ட ஓர் ஓணான் இருந்தது. அது தலையாட்டினால் சரி என்கிறதா, கிடையாது என்கிறதா என்று எவருக்கும் விளங்காது. அதற்காகவே அதை அந்த வேலையில் போட்டிருந்தார்கள்.

அந்த வரிசையில் வாரந்தோறும் வந்து நிற்பாள் செங்கமலம் என்கிற வெள்ளாடு. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, மூன்று மலைக்கு அனுப்பிவிட்டவள். காலையில் அரசமரத்துப் பிள்ளையாரைச் சுற்றுவாள். மத்தியானம் கதை படிப்பாள். கண்ட கதையும் ஆகாது. அதில் ஒரு விளையாட்டு வீரன் வரவேண்டும். அவன்மேல் ஒருத்திக்கு ஆசை வரவேண்டும். அவனை யாரோ ஒளிந்திருந்து கொல்லப் பார்க்கவேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குப் புல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

மற்ற மிருகங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் புத்தகம் கிடைத்துவிடும். ஆட்டுக்கு மட்டும் தனிப் படிவம். 'தாள் தின்னும் பிராணிகளின் உறுதிமொழி' என்று பெயர். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? இப்போது பசிக்கிறதா? அட்டையைப் பார்த்தால் வாய் ஊறுகிறதா? எல்லாவற்றையும் மூன்று பிரதி எழுதவேண்டும். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது வாயைத் திறந்து காட்டவேண்டும்.

"கழுதையுந்தான் தாள் தின்னும். தலைவருக்கு ஏன் படிவம் இல்லை?" என்று செங்கமலம் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

ஓணான் பதறிப்போயிற்று. "மெதுவாப் பேசும்மா! அவரு வித்வான். அவரு தின்னா அது ஆராய்ச்சி."

நூலகத்துக்குத் தலைவர் வித்வான் அறிவாகரன் என்கிற அந்தக் கழுதைதான். ஆண்டு விழாதோறும் மேடையேறி, "காதல் கதை படிப்பவர்கள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கிறார்கள்" என்று முழங்குவார். செங்கமலம் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவாள். அவர் சொல்வது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியும். பெரியவர் பேசும்போது தட்டாமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே!

அந்த மாதம் வந்த புத்தகத்தின் பெயர் 'கோட்டைத் தொடு கண்ணாளா'. கபடி ஆடும் கடமான் வீரமருதுவின் கதை. அவனுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்துவிடுகிறது. வைத்தியம் பார்க்க வருகிறாள் தேன்மலர் என்கிற புள்ளிமான். கட்டுப்போடும்போது அவள் குளம்பு அவன் குளம்பில் லேசாகப் பட்டுவிடுகிறது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. அதற்கே இரண்டு அத்தியாயம். செங்கமலத்துக்கு இந்த மட்டு மரியாதைதான் பிடிக்கும். பிள்ளையாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

நடுவில் எவனோ தைலப் புட்டியை மாற்றி, விஷத் தைலத்தை வைத்துவிடுகிறான். செங்கமலம் புத்தகத்தை மூடிவிட்டு நேரே அரசமரத்துக்குப் போனாள். "அப்பனே, மருதுவுக்கு முட்டி தேறணும்" என்று பதினொரு சுற்றுச் சுற்றினாள். கதையில் வருகிறவனுக்காக இவள் கால் வலிக்கச் சுற்றினாள்.

திரும்பி வந்து நூற்றெழுபத்தாறாம் பக்கத்துக்கு வந்தாள். கடைசி ஆட்டம். ஒரே ஒரு புள்ளி வேண்டும். மருது மூச்சைப் பிடித்துப் பாடிப்போகிறான். தேன்மலர் ஓடிவந்து கத்துகிறாள்: "மருது, நிறுத்துங்க! தைலத்தை மாத்தினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு! அது…"

பக்கத்தைப் புரட்டினாள். பின் அட்டை வந்தது. நடுவில் பதினாறு பக்கம் கிழிக்கப்பட்ட அடையாளம் பசையோடு பல் இளித்தது.

கெட்டிக்காரியாக இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்திருப்பாள். செங்கமலம் நேர்மைக்காரி. ஓடிப்போய்ப் புகார் சொன்னாள்.

"கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம்."

ஓணான் அவள் வாயைப் பார்த்தது. வரிசையும் அவள் வாயைப் பார்த்தது.

"ஆடு வந்து சொல்லுது, தாளைக் காணோமாம்!" என்றாள் பின்னால் நின்ற பவளம் என்கிற கோழி. "நான் அடுத்தாப்ல படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறேன். ஏன்க்கா, அந்தக் கல்யாணக் கட்டத்தையாவது மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

"பிள்ளையார்மேல சத்தியம், நான் தின்னல பவளம்."

"தின்னுட்டுச் சத்தியம் வேறயா! நல்லா சீரணமாகும்."

வெள்ளிக்கிழமை விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் உறுதியானால் உறுப்பினர் அட்டை போய்விடும், வாசல் பலகையில் 'புத்தகம் தின்றவர்' என்று பெயரும் எழுதிவிடுவார்கள். பிள்ளைகள் காதுக்கு எட்டினால் என்ன நினைப்பார்கள்! செங்கமலத்துக்கு இரண்டு கவலை. ஒன்று, தன் பெயர். இன்னொன்று, தைலத்தை மாற்றியது யார். இரண்டில் எது பெரிய கவலை என்று யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை.

வித்வான் மனசு வைத்தால் தப்பிக்கலாம் என்று அவர் குடியிருந்த பழைய செங்கல் சூளைக்குப் போய்க் கும்பிட்டு நின்றாள்.

"உனக்கு இது தேவைதான்," என்று ஆரம்பித்தார் வித்வான். "ஒரு கடமான் கபடி ஆடுமாம். அதோட முட்டியைப் பாத்து ஒரு புள்ளிமான் உருகுமாம். குடும்பத்துப் பொம்பளை படிக்கிற சமாச்சாரமா இது? அதுலயும் தைலத்தை மாத்தினது சொந்தத் தாய்மாமன்னு கொண்டுபோய் முடிச்சிருக்கான் பாரு, அதுல ஏதாவது நியாயம்…"

வித்வான் சட்டென்று நிறுத்தினார்.

"தாய்மாமனா?" செங்கமலம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்த மாமனா? கல்யாணத்துக்குப் பட்டு எடுத்துக் குடுத்தாரே, அவரா? பாவி!"

அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயா… அது கடைசிப் பக்கத்துல இல்ல வரும்?"

வித்வானின் காது இரண்டும் தொங்கின. தலையணை கனத்துக்கு இருந்த ஓர் இலக்கண உரைநூலைத் தூக்கினார். அதன் அடியில் பதினாறு பக்கமும் கசங்காமல் இருந்தன. புத்தகம் வந்த அன்றே நூலகத்தின் பின்னறையில் ஒளிந்து படித்தாராம். மணி அடித்துவிட்டதாம், மிச்சத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாராம்.

"பதிவேட்டுல எழுதி எடுத்திருக்கலாமே ஐயா?"

"நான் இதை வாங்கறதை நாலு பேரு பாத்தா என் மதிப்பு என்னாகும்?"

"என் மதிப்பு?"

"உனக்கு ஏதும்மா மதிப்பு? நீ ஆடு." அவர் வைததாகத் தெரியவில்லை, தேதி சொல்வதுபோலச் சொன்னார். "வேணும்னா இந்தப் பக்கங்களை எடுத்துக்கிட்டுப் போ. விசாரணையில காட்டு. நீ யோக்கியம்னு ஆயிடும். ஆனா சாட்சிப் பொருள்னு சீல் வெச்சு அலமாரியில பூட்டிடுவாங்க. சீலைப் பிரிக்கறதுக்கு ஒரு படிவம் இருக்கு. ஏழு வருஷம் ஆகும்."

"ஏழு வருஷமா!"

"இல்லேன்னா, நான்தான் தின்னேன்னு எழுதிக் குடு. இங்கயே உக்காந்து இப்பவே படிச்சுக்கோ."

செங்கமலம் கண்ணை மூடினாள். 'பிள்ளையாரப்பா, பொய் சொல்லப்போறேன். மன்னிச்சுடு. மருதுவுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க உனக்கு மட்டும் ஆசையில்லையா? நீயுந்தானே பதினொரு சுற்றை வாங்கிக்கிட்ட!'

பிள்ளையார் மறுத்துப் பேசவில்லை. வித்வான் நீட்டிய ஒப்புதல் படிவத்தில் குளம்பைப் பதித்தாள்.

படித்தாள். மருது ஒற்றைக் காலில் கோட்டைத் தொட்டான். மாமன் பிடிபட்டான். தேன்மலர் வெட்கப்பட்டாள். மணமேடை, மேளம், தாலி. தாலியைக் கையில் எடுத்தபோது ஒரு கடிதம் வந்தது. மருது அதைப் பிரித்தான். அவன் முகம் வெளுத்தது. தாலி கீழே விழுந்தது.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: 'இரண்டாம் பாகம் அடுத்த மாதம்.'

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா!"

"சொல்லியிருந்தா குளம்பைப் பதிச்சிருக்க மாட்டியே," என்றார் வித்வான்.

வெள்ளிக்கிழமை செங்கமலம் சபை நடுவில் நின்று, "நான்தான் தின்னேன்" என்றாள். காடே காறித் துப்பியது. அட்டையைப் பறித்தார்கள். பலகையில் பெயர் எழுதினார்கள். எல்லோரும் கலைந்தபின் பவளம் மட்டும் வேலியோரமாக வந்து, "அக்கா, தின்னது தின்ன… தின்னும்போது கண்ணுல ஏதாவது பட்டுச்சா?" என்று கெஞ்சினாள். செங்கமலம் அசைபோட்டுக்கொண்டே நின்றாள்.

அடுத்த மாதம் இரண்டாம் பாகம் வந்தது. இந்தத் தடவை தடிமனான அட்டை, கம்பித் தையல், கிழிக்க வராது. முழுப் புத்தகத்தையும் யாராவது தன் பெயரில் எழுதி எடுத்தால்தான் உண்டு. வித்வான் மூன்று நாள் சூளையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நாலாம் நாள் சபையைக் கூட்டினார்.

"தவறு செய்தவள் திருந்திவிட்டாள். கருணை காட்டுவதே சான்றோர்க்கு அழகு," என்றார். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. உருகிப்போன சபை அவருக்கு மாலை போட்டது. செங்கமலத்துக்கு அட்டையைத் திருப்பிக் கொடுத்தது. பலகையில் பெயரை மட்டும் அழிக்கவில்லை. அதை அழிக்கிற படிவம் அச்சில் இல்லையாம்.

செங்கமலம் மூன்று பிரதி எழுதிக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தோடு வீடு வந்தாள். வேலிக்கு வெளியே மாலையும் கழுத்துமாக நின்றார் வித்வான்.

"செங்கமலம்மா, சீக்கிரம் படிச்சிட்டுக் குடு."

"படிக்கிறேன் ஐயா. பிள்ளையாருக்கும் வாசிச்சுக் காட்டணும்," என்றாள் அவள் சாந்தமாக. "நாளைக்கு ரெண்டு பக்கம். நாள் நல்லா இருந்தா மூணு."

நீதி: செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதில் பாவம் ஒன்றுமில்லை, கதை எத்தனை பாகம் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.