மஞ்சள் தண்ணீர் குடித்த கப்பல்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை

சிங்கப்பூரில் சீரும் சிறப்புமாக இருக்கும் அன்பு மைத்துனன் சுதாகருக்கு, உன் பெரிய அக்காள் வீட்டுக்காரர் ராஜாங்கம் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா அம்சாவும் நலம். மழையும் பரவாயில்லை. உன் உடம்பையும் வேலையையும் அம்மன் பார்த்துக்கொள்வாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன் அக்கா படித்துவிடுவாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் கப்பல்தான். போன லீவில் வந்தபோது இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பொம்மைக் கப்பல் பெட்டி கொடுத்தாய். பலகை, கம்பு, நூல் எல்லாம் உள்ளே இருக்கும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும் என்றாய். ஆயுசெல்லாம் மரக்காணத்தில் கடலுக்குப் போன உன் அப்பா, "ரெண்டு பேரும் செய்ங்க மாப்ள. எது நல்லா வருதோ அத்த மரக்காணத்துப் புது வூட்டு ஷோகேஸ்ல நடுவுல வெக்கலாம்" என்று சொல்லிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்கு வருகிற சனமெல்லாம் இது எந்த மாப்பிள்ளை செய்தது என்று கேட்கும். மூத்தவன் நான் இருக்கும்போது விழுப்புரத்துச் சகலை அன்புச்செல்வன் பெயரைச் சொன்னால், நான் பந்தியில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவேன்?

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இரண்டு பெட்டியும் ஒரே கடையில்தான் வாங்கினாயா? அட்டையில் வால்நட் மரம் என்று போட்டிருக்கிறது, எனக்கு வந்தது தக்காளிப் பெட்டி மரம். பலகையை லேசாக வளைத்தேன், அப்பளம் மாதிரி உடைந்தது. பாய்மரக் கம்புகளில் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. நூலைத் தொட்டால் பஞ்சு பறக்கிறது, தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. அடிக்கட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வாசக்கால் வைப்பது போல முறையாக ஆரம்பிப்போம் என்று நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, பால் ஊற்றி, பொட்டு வைத்து, மொட்டை மாடியில் மல்லாட்டைக் கடலை காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் புரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கிறது. நம் வீட்டு வேங்கை மர வாசக்காலுக்கும் இதைத்தானே செய்தோம், இன்றுவரை ஒரு விரிசல் உண்டா? "கப்பலுன்னா தண்ணி தாங்க வாணாமா?" என்று உன் அக்காவே கேட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் என் பக்கம் பேசியது இந்த ஒரு விஷயத்தில்தான்.

எப்படியோ ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, பசையை ஊற்றி ஊற்றி ஒட்டி முடித்தேன். அதற்குப் பிறகும் சகலை கப்பலைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்ற நேரமெல்லாம் அவர் கப்பலும் கோணலாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மன் கேட்கவில்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே நூல்கூட நுழையாது. உன் சின்ன அக்கா சங்கவி காபி போடப் போன சமயத்தில் நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"மாமா, தொடாதீங்க, வார்னிஷ் காயல!" என்று அவள் ஓடிவந்தாள்.

"மரம்னா இதாண்ணா மரம், வெண்ண மாதிரி வெட்டுது. உங்களுது எப்டி வந்துக்கினு கீது?" என்றார் அன்புச்செல்வன்.

"வந்துக்கினு கீது" என்றேன்.

பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள், பொறாமைதான். அந்த வீட்டுக் காபியில் சர்க்கரைகூடச் சரியாக இருந்தது. ஆகவே அவருக்கு வந்த அதே மரத்தில் இன்னொரு பெட்டியை ஜல்தியாக அனுப்பு. அவருக்குத் தெரிய வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த லீவுக்குள் உனக்கும் நல்ல இடமாக அமையட்டும். எங்கள் இருவரின் ஆசீர்வாதம் என்றும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் மூத்த மாமா
ராஜாங்கம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உன் அப்பா வந்துவிட்டார். விழுப்புரத்தில் அந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வருகிறாராம். என் கப்பலைத் துண்டைப் போட்டு மூடினேன், உருவி எறிந்துவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகைச் சந்தில் கட்டை விரலை விட்டுப் பார்த்தார். "இதான் மாப்ள கப்பலு! சின்ன மாப்ள செஞ்சது மழமழன்னு பொம்ம மாதிரி கீது. இது நாலு புயலப் பாத்துட்டு கரையேறுன மாதிரி கீது" என்று சொல்லி, மடியில் வைத்துக்கொண்டே மரக்காணம் பஸ்ஸில் போய்விட்டார். சங்கவி இப்போதுதான் போன் செய்தாள். அன்புச்செல்வன் தன் கப்பலை வெயிலில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம், ஒரு பலகைகூட நெளிய மாட்டேன் என்கிறதாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அப்படியே அனுப்புகிறேன். எனக்குப் புதுப் பெட்டி வேண்டாம். ஒன்றே ஒன்று. எனக்கு வந்த மாதிரி மட்டமான மரம் வேண்டும் என்று அவர் உன்னைக் கேட்பார். ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடு.