சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

பத்து நாள், நான்கு மணி நேரம். ஒரே ஒரு கைக்காக ஒரு மருத்துவமனை இவ்வளவு நேரம் கவலைப்பட்டதாக மருத்துவ வரலாற்றில் வேறு பதிவு இல்லை.

கை, தரை துடைக்கும் அக்காவுடையது. உடைந்த மருந்துக் குப்பி கிழித்து, புறங்கை வீங்கி, சிவப்பு முழங்கை வரை ஏறியிருந்தது. அக்கா வேறு நாட்டிலிருந்து எந்தத் தாளும் இல்லாமல் வந்தவர். மூன்று வருடமாக இந்த மருத்துவமனையைச் சுத்தமாக வைத்திருக்கிறார். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவர் இல்லை. இல்லாத ஒருவருக்குக் கை வீங்குவது நிர்வாகச் சிக்கல்.

சிக்கலைக் கையாண்டவள் பதிவு மேசைப் பெண். வேதியியல் பட்டதாரி. அதிகம் பேசமாட்டாள்; இரக்கத்தில் மட்டும் குறை வைக்கமாட்டாள். தினமும் காலையில் அக்காவின் பெயரைக் கணினியில் அடிப்பாள். சிவப்பு நட்சத்திரம் போட்ட, நிரப்பியே ஆகவேண்டிய 'அடையாள எண்' கட்டத்தில் கணினி நின்றுவிடும். அவள் தலையை ஒருபக்கம் சாய்த்து, நன்கு பழகிய வருத்தத்துடன் பார்ப்பாள்.

"அக்கா, சிஸ்டம் ஏத்துக்கல."

"நீ என்னம்மா பண்ணுவ, பாவம்," என்று அக்கா அவளுக்கு ஆறுதல் சொல்வார்.

ஐந்தாம் நாள், அவளும் நர்ஸும் கொண்ட 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது.

"எல்லாம் ஒன்பதா போட்டுப் பாரேன்டி."

"பாத்துட்டேன். 'இந்த நபர் இறந்துவிட்டார்'னு வருது."

"அப்ப வேணாம். அதுக்கு வேற ஃபார்ம்."

'ஆழ்ந்த அக்கறை' தெரிவிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வலிக்கும்போது உட்கார ஒரு நாற்காலியும் ஒதுக்கப்பட்டது. அதையும் அக்காவே துடைத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் வாளி கைநழுவி விழுந்தது. அந்த வழியாக வந்த டாக்டர் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"உடம்பு கொதிக்குது. இன்னிக்கு விட்டா கையே போயிடும். ஏன் காட்டல?"

"நம்பர் இல்ல டாக்டர். புடிச்சுக் குடுத்துருவீங்களோன்னு..."

"நம்பர யார் கேட்டா? யார் வந்தாலும் பாக்கணும், அதான் விதி."

"சிஸ்டம் கேக்குது சார்," என்றாள் பதிவு மேசைப் பெண்.

"சிஸ்டம்னா யாரும்மா? போன மாசம் வரைக்கும் இந்தக் கட்டமே இல்லையே. யார் போட்டது?"

நர்ஸ் மேலே மின்விசிறியைப் பார்த்தாள். கணினி நாகரிகமாக மௌனம் காத்தது. அதற்குள் தள்ளுவண்டியில் ஏற்றப்பட்டிருந்த அக்காதான் படுத்தபடி பரிந்து பேசினார்.

"அவளத் திட்டாதீங்க டாக்டர். பதினோரு நாளும் எனக்காக அடிச்சு அடிச்சுப் பாத்தவ அவ ஒருத்திதான்."

பதிவு மேசைப் பெண் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நான்தான் போட்டேன் சார்," என்றாள். "போன மாசம் புது ஃபார்ம் நான்தான் தயார் பண்ணேன். அந்த மூலை காலியா இருந்துச்சு."