ஆறு பாத்திக்கு ஒரு அடையாளம்

கொழும்புக்குக் குடிபோவதென்று ஹெக்டர் செல்வத்துரை மாஸ்டர் முடிவெடுத்துவிட்டார். தான் எடுத்த முடிவென்றால் மனிசி அற்புதராணி கேட்கமாட்டாள். ஆகவே ஆண்டவர் எடுத்ததாகச் சொன்னார்.

"இஞ்சை பார் ராணி, மூண்டு நாளாய் ஜெபத்திலை ஒரே ஏவுதல். 'மகனே, வெளிக்கிடு' எண்டு."

அற்புதராணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே. நானும் இந்த வீட்டிலைதானே இருக்கிறன். என்னோடை கதைக்க அவருக்கென்ன வெக்கமோ?"

உண்மையைச் சொன்னால், போன கிழமை குண்டு போடுகிற பொம்மர் வட்டுக்கோட்டைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனதிலிருந்து மாஸ்டர் கட்டிலுக்குக் கீழேதான் படுத்துவந்தார். அதுதான் ஏவுதல். கொழும்பில் தம்பியார் வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதுதான் தரிசனம்.

அற்புதராணிக்கோ வளவுக்குப் பின்னால் ஆறு பாத்தி வெங்காயம். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணி மிஷின் நின்று இரண்டு மாதம். கையால் இறைத்தால் இரண்டு பாத்திக்கு மேல் அவளுடைய இடுப்பு விடாது. மாஸ்டர் வாளியைத் தொடவும் மாட்டார். முப்பது வருஷம் சோக்குக்கட்டி பிடித்த கையாம்!

"வெங்காயம் கருகுது, நீ என்னத்துக்கு இஞ்சை இருக்கிறாய்?"

"பொம்மர் வரட்டும், அவன்ரை அப்பன் வரட்டும். நட்டதைக் கிண்டி எடுக்காமல் நான் படலை தாண்டமாட்டன்!"

மாஸ்டர் வேதாகமத்தைத் தூக்கினார். ஞாயிறு பள்ளியில் அவர் படிப்பிக்காத கதையா?

"அப்ப வேதத்திலை வாற கிதியோனைப் போலை ஆண்டவரிட்டை அடையாளம் கேப்பம். அவன் ஆட்டுத்தோலை வெளியிலை விரிச்சான். பனி தோலிலை மட்டும் பெய்தது, நிலம் காய்ஞ்சு கிடந்தது. நாங்கள் முற்றத்திலை ஒரு சாக்கை விரிப்பம். விடிய அது நனைஞ்சிருந்தால் ஆண்டவர் பேசுறார் எண்டு அர்த்தம்."

"ஓம், விரியுங்கோ."

விடிந்தது. சாக்கைப் பிழிந்தால் ஒரு செம்புத் தண்ணீர். சரியாக ஒரு செம்பு. மாஸ்டர் ஊற்றியதும் அவ்வளவுதான்.

"தோத்திரம்!" என்றாள் அற்புதராணி. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை இறக்க ஓடினார்.

"பொறுங்கோப்பா. கிதியோன் ரெண்டாந்தரமும் கேட்டவனெல்லே? தோல் காய்ஞ்சிருக்க வேணும், சுத்தி நிலமெல்லாம் நனைஞ்சிருக்க வேணும் எண்டு. வேதத்தைப் பாதியிலை நிப்பாட்டலாமோ?"

"அது... ஓம், கேட்டவன்தான்."

"முற்றம் வேண்டாம், கோழி கிளறும். தோட்டத்திலை விரிப்பம். ஆறு பாத்தியும் நனையட்டும். ஒரு பாத்தி காய்ஞ்சாலும் நான் நம்பமாட்டன்."

அடுத்த நாள் மாஸ்டர் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பினார். கிணற்றுக் கப்பி கிரீச்சிடாமல் இருக்க, தலைக்கு வைக்கிற நல்லெண்ணெயைப் பூசினார். இருபதாவது வாளியில் கை கொப்பளித்தது. அறுபதாவதில் முதுகு கழன்றது. நூறாவதில், கிதியோனைப் பெத்தவளையே திட்டினார். ஆனாலும் ஆறு பாத்தியும் குளித்தது, சாக்கில் ஒரு சொட்டும் படவில்லை. அவர் வந்து படுக்கவும் கோழி கூவவும் சரியாக இருந்தது.

அற்புதராணி பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி கொண்டுவந்து எழுப்பினாள். தோட்டத்தில் வெங்காயத்தாள் எல்லாம் நிமிர்ந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பேசிப்போட்டார்!" என்றார் மாஸ்டர், முதுகைப் பிடித்தபடி. "இனி வெளிக்கிடுவம்."

"எங்கை?"

"கொழும்புக்கு!"

"ஞாயிறு பள்ளி வாத்தியார், நீங்களே சொல்லுங்கோ. கிதியோனுக்கு உந்த அடையாளமெல்லாம் ஓடச்சொல்லியோ குடுத்தவர்?"

மாஸ்டர் தேத்தண்ணிக்குள் பார்த்தார். "இல்லை... நிண்டு சண்டை பிடிக்க."

"அவன்ரை படையிலை பயந்தாக்களை?"

"வீட்டை போகச் சொன்னவர்."

"நிண்டவையை?"

"தன்னோடை வைச்சிருந்தவர்." குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"அப்ப அவர் பேசினது சரிதான். நான் நிக்கிறன். நீங்கள் பயந்தவர் எண்டால் இப்பவே சொல்லுங்கோ, பெட்டியை நானே அடுக்கித் தாறன்."

பயந்தவன் என்று எந்தப் புருஷன் வாயால் சொல்லுவான்? மாஸ்டர் கொப்பளித்த கையை மடிக்குள் ஒளித்தார்.

அற்புதராணி வெற்றுக் குவளையை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அங்காலை மிளகாய்க் கண்டுகள் வாடிக் கிடக்குது. நாளைக்கு உங்கடை ஆண்டவரைக் கொஞ்சம் விடிய வெள்ளெண எழும்பச் சொல்லுங்கோ."