ஏழாவது விதிக்கு முன் தேநீர்

“உன்ட கையெழுத்து வடிவாமே, புள்ள?” என்று வயல் வட்டைக் காவல் சங்கத் தலைவர் யோகராசா ஒருநாள் கேட்டார். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட என்னிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. தலையாட்டினேன். அன்றே சங்கத்துக்கு அறிக்கை எழுதுபவள் ஆனேன். மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரும் நிகழ்வை நேரில் காணும் பேறும் அதனால் கிடைத்தது. அதாவது, கொட்டும் மாரியில் றைபிளால் குறி தப்பாமல் பன்றி சுடுதல்.

தலைவர் கொழும்பில் கடதாசி வட்டங்களைச் சுட்டுப் பதக்கம் வாங்கியவர். கடதாசி அவரை ஒருபோதும் எதிர்த்ததில்லை. வவுணதீவில் எங்கள் வட்டையில் பன்றி இறங்கி நெல் வேளாண்மையை உழக்கியதும் அவர் ஒரு ‘செயலமர்வு’ நடத்தினார். துவக்கின் வாய்க்குள் மழை போகாமல் பலூன் மாட்ட வேண்டும். இது முதல் விதி. குறிபார்க்கும் கண்ணாடியைத் துணியால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. இது இரண்டாவது. இப்படி ஆறு விதிகள். சுடுமுன் அது என்ன மிருகம் என்று பார்க்க வேண்டும் என்பது ஏழாவது. அதற்குள் தேநீர் வந்துவிட்டதால் அது ‘அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது’. நான்தான் அப்படி எழுதினேன்.

செயல்முறை மறுநாள் காலை. சிவப்புப் பலூன் மாட்டிய றைபிளோடு தலைவர் வரம்பில் படுத்தார். சங்க உறுப்பினர் நிலோஜன் குடை பிடித்தார். எண்பது யார் தூரத்தில், சேற்றுக் குழியில், கறுப்பாக ஒரு முதுகு. ஒரே வெடி. முதுகு சரிந்தது. நிலோஜன் குடையை விட்டுக் கைதட்டியதால் தலைவர் நனைந்தார்.

கிட்டப் போனோம். கேதீஸ்வரி அக்காவின் சினை எருமை. அதன் பாலில் தயிர் போட்டு விற்றுத்தான் அவர் வீட்டில் உலை வைத்தார்.

“பன்றிதான்,” என்றார் தலைவர்.

“கொம்பு கிடக்கு, ஐயா,” என்றார் நிலோஜன்.

“கிழட்டுப் பன்றி. முளைச்சிருக்கும்.”

“கழுத்தில கயிறும் கிடக்கு.”

“எங்கயோ களவெடுத்திருக்கும்.”

பின்னேரம் கேதீஸ்வரி அக்கா அந்தக் கயிற்றோடு சங்கத்துக்கு வந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

“எருமையெண்டு எழுது, புள்ள. என்ட எருமையைத்தான் சுட்டதெண்டு ஒரு வரி. அதைக் காட்டினாத்தான் அரசாங்கத்திட்ட வேறொண்டு கேட்டுப் பாக்கலாம்.”

“தங்கச்சி, அறிக்கையெண்டா விஞ்ஞானம்,” என்றார் தலைவர். “தூரம், காத்து, மழை எல்லாம் சரியா வந்திருக்கு. ஒரு சொல்லால அதைப் பழுதாக்கேலுமா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “எழுது, புள்ள. பன்றி.”

எழுதினேன். ‘எண்பது யார் தூரம். கடும் மழை. ஒரே வெடி. பன்றி ஒன்று.’ என் கையெழுத்து அன்றுபோல் என்றும் வடிவாக இருந்ததில்லை. எருமையை இரண்டாம் முறை கொல்ல எனக்குப் பலூன்கூடத் தேவைப்படவில்லை. உறுப்பினர்கள் எல்லோரும் ‘சரி’ என்று ஒப்பமிட்டார்கள்.

கேதீஸ்வரி அக்கா குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். கடைசிச் சொல்லில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். பிறகு ஈரக் கயிற்றை என் பேனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.